புதுப்பிப்பு: மூன்றாம் வகுப்பும் சேற்று நிறமும்

கோபி பக்கம் எங்கள் தொடக்கப் பள்ளியில், பிள்ளைகள் எந்த வண்ணங்களைக் கலந்தாலும் சேற்று நிறம்தான் வருகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நீங்கள் சொன்னபடி மஞ்சள், நீலம், சிவப்பு மட்டும் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டைத்தான் கலக்கலாம். முதலில் மஞ்சள், அதில் பிரஷ் நுனியால் துளி நீலம். நாற்றுப் பச்சை வந்தது. இன்னும் கொஞ்சம் நீலம் விட, தென்னை ஓலைப் பச்சை. மாற்றி நீலத்தில் மஞ்சளை விட்டால், பச்சை வருவதற்குள் டப்பா மஞ்சளே தீர்ந்துவிடும். பிரஷ் கழுவத் தனி டம்ளர், அது முக்கியம்.

அப்புறம், நம்மூர் மஞ்சள் தூளைக் கரைத்துத் தீட்டச் சொல்லி, மேலே நானே சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன். "டீச்சர், செவந்துருச்சுங்க!" வகுப்பே எழுந்துவிட்டது.

ஏ4 தாள்தான் ஈரத்தில் சுருள்கிறது. சார்ட் அட்டையை வெட்டிக் கொடுக்கப் போகிறேன்.