மறு: 'உறுப்புச்சில்லு' வேண்டாம், 'பாத்தி' சரிவருமா?

வணக்கம். ஆங்கிலத்தில் organ-on-a-chip என்கிறார்களே, உறுப்பின் உயிரணுக்களை உள்ளே வளர்த்து மருந்தைச் சோதித்துப் பார்க்கும் சிறு கருவி, அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> சிப்புக்குச் சில்லு என்பது கணினித் தமிழில் நிலைத்துவிட்டது. ஆகவே உறுப்புச்சில்லு. குழப்பமே இல்லை.

குழப்பம் இருக்கிறது ஐயா. முழங்கால் சில்லு நகர்ந்துபோச்சு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது எலும்பைத்தானே? உடம்போடு சேர்ந்து சில்லு வந்தாலே நம் காதுக்கு எலும்பு, இல்லாவிட்டால் ஓட்டாஞ்சில்லு, தேங்காய்ச்சில்லு மாதிரி உடைந்த துண்டு. நேற்று அம்மாவிடம் 'கல்லீரல் சில்லு' என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். தேக்கா சந்தைக்குப் போகிறாயா, அப்படியே எலும்பும் கொஞ்சம் வாங்கி வா என்றார்.

அது போகட்டும். நான் தினமும் கையில் எடுக்கும் அந்தப் பொருளில் மின்சுற்று ஒன்றும் கிடையாது. சிப் செய்கிற அச்சு முறையைக் கடன் வாங்கி வார்த்ததால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 2010இல் ஹார்வர்டின் வீஸ் நிலையத்தார் செய்த நுரையீரலை எடுத்துக்கொள்ளுங்கள்: விரலி (பென் டிரைவ்) அளவு, கண்ணாடி போலத் தெரியும் சிலிக்கோன் ரப்பர், உள்ளே இரண்டு வாய்க்கால், நடுவில் துளை போட்ட மெல்லிய சவ்வு. சவ்வின் மேலே நுரையீரல் உயிரணுக்கள், அவற்றுக்கு மேல் காற்று; சவ்வின் கீழே இரத்த நாள உயிரணுக்கள், அவற்றைத் தொட்டுக்கொண்டு ஓடும் திரவம். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட்டால் சவ்வு விரிந்து சுருங்கி மூச்சு விடுகிற மாதிரியே அசையும்.

வாய்க்கால் வெட்டி, நீர் பாய்ச்சி, உயிருள்ளதை வளர்க்கிற இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பாத்தி. நுரையீரல் பாத்தி, கல்லீரல் பாத்தி, குடல் பாத்தி. பொதுப்பெயர் உறுப்புப்பாத்தி. போன வாரம் என் வாய்க்கால் ஒன்றில் ஒரே ஒரு காற்றுக்குமிழ் மாட்டி ஓட்டம் நின்று, பத்து நாளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த உயிரணுக்கள் மொத்தமும் செத்துப்போயின. மடை அடைத்தால் பயிர் காய்கிற கதைதான். இந்தச் சொல் எனக்குத் தோன்றியதே அன்றைக்குத்தான்.

> பாத்தி கிராமத்துச் சொல். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது.

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் பாத்தி கட்டித்தான் கீரை போடுகிறார்கள். கூட்டிப்போய்க் காட்டலாம்.

அப்புறம், ஆர்கனாய்டு (organoid) எனப்படும் குட்டி உறுப்பு மாதிரிக்கு நம் குழுவில் அக்கா முன்வைத்த 'உறுப்புப்போலி'. இலக்கணப்போலியில் போலி மோசடி இல்லை, மருந்துப்போலி என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்துச் சோதனை பற்றிய செய்தியில் 'போலி' என்று தலைப்பு வந்தால் எவர் கண்ணுக்கும் போலி மருந்துதான் தெரியும். உறுப்புரு போதும். தண்டு உயிரணுவிலிருந்து (stem cell) தானாக உருண்டு திரண்டு வருவது உறுப்புரு, நாம் வாய்க்கால் வெட்டி நடுவது பாத்தி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

இப்போதே முடிவு செய்வது நல்லது. மருந்துகளை முதலில் விலங்குகளில் சோதிக்க வேண்டும் என்று 1938 முதல் இருந்த கட்டாயத்தை அமெரிக்கா 2022 இறுதியில் சட்டம் திருத்தி எடுத்துவிட்டது. அதே ஆண்டு வெளியான ஆய்வில் 27 மருந்துகளைக் கல்லீரல் பாத்தியில் (பார்த்தீர்களா, தானாக வருகிறது) விட்டுப் பார்த்தார்கள். ஈரலைக் கெடுப்பவற்றில் 87 விழுக்காட்டைப் பிடித்தது, நல்ல மருந்து எதையும் நஞ்சு என்று சொல்லவில்லை. இனிச் செய்திகளில் இது அடிக்கடி வரும், அதற்குள் சில்லு ஊன்றிவிட்டால் பிடுங்க முடியாது.

பல பாத்திகளைக் குழாயால் இணைத்து முழு உடம்பு மாதிரி ஓட்டுவதற்கு 'உடல்வயல்' என்று நினைத்தேன், கொஞ்சம் கவிதையாகப் போய்விட்டதோ? வேறு இருந்தால் சொல்லுங்கள். உறுப்புப்பாத்தியைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதையும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒற்று எப்போதும் தகராறு.