திறந்த முறிவுக்குள்ள வைக்கிற சிமெந்து மணி: எந்த மருந்து, எவ்வளவு?

கனகராயன்:
கணைக்கால் எலும்பு வெளியில தெரியிற முறிவு, வயல் சேறும் உள்ள போயிருக்கு. கழுவி எக்ஸ்ரேணல் பிக்சேற்றர் (எலும்பை வெளியில இருந்து பிடிக்கிற கம்பிச் சட்டம்) போட்டாச்சு. இடைவெளிக்குள்ள அன்ரிபயோட்டிக் மணி (கிருமி கொல்லி மருந்து கலந்து உருட்டின சிமெந்து உருண்டை) வைக்கவேணும். இருக்கிறது 40 கிராம் சாதாரண எலும்புச் சிமெந்து, வன்கோமைசின் தூள், 80 மில்லிகிராம் ஜென்ராமைசின் அம்பியூல் (ஊசிக்குரிய திரவ மருந்துக் குப்பி). அம்பியூலையும் ஊத்திக் கலக்கலாமோ? எத்தனை நாள் விடுறது?

முத்தையன்கட்டு:
ஊத்தவே வேண்டாம். தண்ணி சேர்ந்தால் சிமெந்தின்ர பலம் குறையும், 80 மில்லிகிராம் காணவும் காணாது. தூள் மருந்துதான் சேர்க்கலாம், அதுவும் இறுகேக்க வாற சூட்டைத் தாங்கவேணும். வன்கோமைசின், ஜென்ராமைசின், தொப்ராமைசின் தாங்கும். றிபாம்பிசின் போட்டால் சிமெந்து ஒழுங்கா இறுகாது.

40 கிராமுக்கு 2 கிராம் வன்கோமைசின் போடுங்கோ. ஆனா சேற்றோட வாற கிராம்-நெகற்றிவ் எண்ட வகைக் கிருமிக்கு அது வேலை செய்யாது. ஜென்ராமைசின் கலந்தே வாற சிமெந்து எடுக்க முடிஞ்சால் அதுக்குள்ள வன்கோமைசினைச் சேர்க்கிறதுதான் நல்லது.

மருந்தைக் கட்டியில்லாமல் நசுக்கி, சிமெந்துத் தூளோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்த பிறகுதான் சிமெந்தோட வாற திரவத்தை விடவேணும். கையால கலந்தால் போதும். காற்றுத்துளை இருந்தால் மருந்து கூட வெளியில வரும். கையுறையில ஒட்டாத பதம் வந்த உடன, கம்பியைச் சுத்தி 5–7 மில்லிமீற்றர் மணியா உருட்டுங்கோ. எங்கட வெக்கையில, ஏசி சரியா இழுக்காத தியேட்டரில, பாதி உருட்டமுன்னம் கல்லாகிப் போகும். சிமெந்துப் பக்கெற்றை முன்கூட்டியே குளிரில வையுங்கோ, உருட்ட ரெண்டு பேர் நில்லுங்கோ. முழுசா இறுகிச் சூடு ஆறினாப்பிறகுதான் காயத்துக்குள்ள போகவேணும்.

மேல ஒட்டுற பிளாஸ்ரிக் படலத்தால மூடினால் மருந்து ஊறின நீர் அங்கயே நிக்கும். 48–72 மணித்தியாலத்தில திரும்பக் கழுவேக்க மாத்துங்கோ.

பாலாறு:
முதல் கிறியற்றினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற இரத்தப் பரிசோதனை) பாருங்கோ, இந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிற கமக்காரர் இருக்கினம். நாளத்தாலயும் ஜென்ராமைசின் போகுதெண்டால் இன்னும் கவனம்.

மாதக்கணக்கில விடக்கூடாது. மருந்து முதல் சில நாள்தான் பலமா வெளியேறும். பிறகு கசியிற சொற்ப அளவு கிருமியைக் கொல்லாமல் எதிர்ப்பைத்தான் வளர்க்கும். செத்த தசையை விட்டிட்டு மணி வைச்சும் பிரயோசனமில்லை.

கனகராயன்:
இதே 2 கிராமை இடுப்பு மூட்டு மாத்தேக்கையும் போடலாமோ?

முத்தையன்கட்டு:
இல்லை. அங்க சிமெந்து பாரம் தாங்கவேணும், 40 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல போகாதேங்கோ. காற்றுத்துளை வராமல் வெற்றிடத்தில கலக்கிறது அதுக்குத்தான்.

பாலாறு:
ஆளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால், கடிதத்தில எத்தனை மணி உள்ள இருக்கெண்டு கட்டாயம் எழுதிவிடுங்கோ.