பகுதிநேர எடிட்டிங்: முதல் வேலையில மாட்டின கதையைச் சொல்லுங்க

திருப்பூர், மெர்ச்சண்டைசர்:

வணக்கங்க. பகல்ல பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல வீடியோ எடிட்டிங். ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. புதுசா வர்றவங்க எல்லாரும் எந்த சாஃப்ட்வேர், எந்த லேப்டாப்னுதான் கேக்கறாங்க. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்குது. முதல் கஸ்டமர்கிட்ட எப்படி முழிச்சோம்கறதை மட்டும் யாரும் சொல்றதில்லை. என்னோடதை முதல்ல கொட்டிடறேன்.

பக்கத்து வீதி அண்ணன் வீட்டுல பொண்ணுக்கு திரட்டி சீர், அதாங்க மஞ்சள் நீராட்டு. மண்டபத்துல கேமராக்காரர் ஒருத்தர், அது போக சொந்தக்காரங்க ரெண்டு பேர் செல்போன்ல எடுத்தது. "எல்லாத்தையும் சேத்து அரை மணி நேரம் ஓடுற மாதிரி பண்ணிக் குடு தம்பி, எவ்வளவு ஆகும்?"னார். என் வாயில வந்தது ஆயிரத்து ஐநூறு. எதை வெச்சுச் சொன்னேன்னு இன்னைக்கும் தெரியலைங்க.

மெஷின் 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போட்டிருந்தேன். வாட்டர்மார்க் விழாது, 4கே வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆகும், எல்லாம் சரி. ஆனா 8 ஜிபியில அது ஓடலை, தவழ்ந்துச்சு. ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்கு, பெரிய ஃபைலுக்குப் பதிலா சின்ன நகலை வெச்சு வெட்டி ஒட்டிட்டு கடைசியில அசலுக்கு மாத்திக்கலாம்னு அப்போ தெரியாது. ஒவ்வொரு கட்டுக்கும் மின்விசிறி கத்தும், நான் காத்திருப்பேன். மொத்தம் 27 மணி நேரம். கணக்குப் போட்டா மணிக்கு 55 ரூபாய். எங்க கம்பெனி செக்கிங் டேபிள் அக்கா சிரிச்சிருப்பாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பென்டிரைவோட போனேன். அதுக்கு முன்னாடியே ஒரு கூத்து. ஃபைல் 6 ஜிபி, பென்டிரைவ்ல இடம் இருந்தும் காப்பி ஆகமாட்டேங்குது. ஃபேட்32 ஃபார்மட்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாத்தி ஏத்தினேன். அவங்க வீட்டுப் பழைய டிவி அதைக் கண்டுக்கவே இல்லை. பத்துப் பதினஞ்சு பேரு பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க, கையில முறுக்குத் தட்டு வேற. மறுபடி வீட்டுக்கு ஓடி, சைஸைக் குறைச்சு எக்ஸ்போர்ட் போட்டு வர்றதுக்குள்ள எட்டரை மணி.

ஓடுச்சு. பத்தாவது நிமிஷம் வரைக்கும் எல்லாரும் சந்தோஷம். அப்புறம் அண்ணனோட அம்மா சொன்னாங்க, "கண்ணு, வாய் அசையறதுக்கு முன்னாடியே சத்தம் வருது." நான் இல்லைங்கம்மான்னேன். தாய்மாமன் மாலை போடறப்போ நாதஸ்வரக்காரர் இன்னும் சீவாளியை வாயில வெக்கவே இல்லை, வாசிப்பு மட்டும் ஓடிட்டே இருக்கு. அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?

காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. செல்போன் வெளிச்சத்துக்குத் தக்கன ஃபிரேம் ரேட்டை, அதாவது செகண்டுக்கு எத்தனை படம்கறதை, கூட்டிக் குறைச்சுக்கும். 22 நிமிஷம் ஒரே கிளிப்பா எடுத்திருந்தாங்க, போகப்போகப் படமும் சத்தமும் விலகிருச்சு. இப்போ எந்த செல்போன் வீடியோ வந்தாலும் முதல்ல ஹேண்ட்பிரேக்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திட்டுத்தான் டைம்லைன்ல வெப்பேன்.

ஆயிரத்து ஐநூறையும் அண்ணன் குடுத்துட்டார். வாங்கறதுக்குக் கூசுச்சு, ஆனா வாங்கிட்டேன். அடுத்தவங்க வாங்க.

மதுரை, ஸ்டூடியோக்களுக்கு எடிட் பண்றவர்:

அண்ணே, நாதஸ்வரக்காரரை நினைச்சு டீயைச் சிந்திட்டேன்.

நான் ஸ்டூடியோக்காரங்களுக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கிறவன். எங்க ஏரியாவுல இன்னும் எடியஸ் சாஃப்ட்வேர்தான், நானும் அதுலதான் பழகுனேன். பகல்ல மாமா கடையில கல்லா. ஆரம்பத்துல ஒரு ஸ்டூடியோவுக்கு ஆறு கல்யாணம் முடிச்சுக் குடுத்தேன். "பார்ட்டி ஆல்பம் வாங்கிட்டுப் போனதும் தர்றேன்டா"ன்னாரு. பார்ட்டி ஆல்பம் வாங்கிட்டுப் போயி, அவுகளுக்குப் பிள்ளையும் பொறந்துருச்சு. நாலு கல்யாணத்துக் காசு இன்னும் வரலை. அதை விடுங்க, சொல்ல வந்தது வேற.

கல்யாண வீடியோன்னா மேடையில வரிசையா வந்து கவர் குடுத்து போட்டோவுக்கு நிப்பாக பாருங்க, ரெண்டு மணி நேரம் ஓடும். புதுசா எடிட் பண்ற எவனுக்கும் அது குப்பையாத்தான் தெரியும். எனக்கும் தெரிஞ்சுச்சு. கேண்டிட், ட்ரோன் ஷாட், ஸ்லோமோஷன்னு ஹைலைட்ஸை இழைச்சுட்டு, மேடை வரிசையைக் கத்தரிச்சு முப்பது நிமிஷமாக்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டுல இருந்து போன். "எங்க பெரியப்பாவைக் காணோமே?" மொய் நோட்டுல பேரு இருக்கு, வீடியோவுல ஆள் இல்லை. அவுகளுக்கு அது அவமரியாதை. நான் ஸ்டூடியோக்காரர்கிட்ட, "அண்ணே, ஒரே மாதிரி நாப்பது ஷாட்டுண்ணே"ன்னு வாதாடுனேன். "டேய், உனக்குத்தான் ஒரே மாதிரி"ன்னாரு.

சேத்துக் குடுத்தேன், முடிஞ்சுச்சு. ஏழெட்டு மாசம் கழிச்சு இன்னொரு வீடு. பொண்ணோட தாத்தா தவறிட்டாக. அவுக பேசுன மாதிரி எங்கயும் இல்ல, கல்யாணத்துல கேமரா முன்னாடி ஏதோ சொன்னாகளாம், அது கிடைக்குமான்னு அந்தப் பொண்ணே கூப்புட்டுச்சு. ஃபைனல்ல அது இல்லை. ஃபோகஸ் அவுட்டுன்னு நான் வெட்டுனது. ரா ஃபைல், அதான் கேமராவுல எடுத்த வெட்டாத அசல், இருந்துச்சு, ஒரு பழைய 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்ல, மேல மாஸ்கிங் டேப்புல மண்டபம் பேரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். பதினோரு செகண்டு. வெத்தலை மென்னுக்கிட்டே, "என்னத்தடா எடுக்குற, போயிச் சாப்புடு மொதல்ல"ன்னு கேமராக்காரப் பயலை விரட்டுறாரு. அம்புட்டுத்தான். அந்தப் பதினோரு செகண்டை அனுப்புனேன். காசு கேக்கலை, கேட்டிருந்தா குடுத்திருப்பாக.

அதுல இருந்து ரா ஃபைலை ஒரு வருஷத்துக்கு அழிக்கிறதில்லை. ஒரு கல்யாணம் 300, 400 ஜிபி வரும், செகண்டுக்கு 100 மெகாபிட்டுன்னு 4கே எடுத்தா ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி. ஹார்ட்டிஸ்க் செலவை ரேட்லயே சேத்துச் சொல்லிருங்க. பின்னாடி கேட்டா ஒருத்தனும் தரமாட்டான்.

திருச்சி, இல்லத்தரசி:

என் வேலை கல்யாணமில்லை. போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கும் ஒரு தமிழாசிரியரின் யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் செய்கிறேன். பையன் பள்ளிக்குப் போன பிறகு மூன்று மணி நேரம், இரவு ஒரு மணி நேரம்.

முதல் மாதம் முழுக்க எனக்குச் சண்டை தமிழ் எழுத்தோடுதான். பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் "கொள்கை" என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, நடுவில் புள்ளி வட்டமெல்லாம் வந்து நிற்கும். கிராபிக்ஸ் செட்டிங்கில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் பாமினி எழுத்துருவுக்குப் போனேன். திரையில் அழகாக வந்தது. ஆனால் அதே வரிகளைச் சார் வீடியோ விளக்கத்தில் போடக் கேட்டபோது காப்பி செய்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தது. பாமினி, எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு இல்லையே. நாற்பது வீடியோவின் வரிகளையும் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி உட்கார்ந்திருந்தேன்.

பெரிய அடி அதன் பிறகு. ஒரு வீடியோவின் முதல் சிலைடில் "இலக்கணச் சுறுக்கம்" என்று போட்டுவிட்டேன். வல்லின ற. பாடம் எடுப்பவர் தமிழாசிரியர், பார்ப்பவர்கள் தமிழ்த் தேர்வு எழுதுபவர்கள். கமெண்டில் விட்டு வைப்பார்களா? "சார், முதல்ல தலைப்பைச் சுருக்குங்க" என்று ஒருவர். யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே இடத்தில் திருத்திய ஃபைலை வைக்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், வந்திருந்த பார்வைகள் போய்விடும். சார் கோபப்படவில்லை. "நானும் பாத்துட்டுதானேம்மா ஏத்தச் சொன்னேன்" என்றார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இப்போது ஏற்றுவதற்கு முன் திரையில் வரும் எழுத்தை மட்டும் தனி ஃபைலாக அனுப்புகிறேன். அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே எக்ஸ்போர்ட்.

இரண்டாவது சேனல் ஒன்று வந்தது, சமையல். அந்த அம்மா இரவு பதினொன்றரைக்குக் குரல் செய்தி அனுப்புவார். "மேடம், ஒரு சின்ன கரெக்‌ஷன். அந்த தாளிக்கிற இடத்துல கொஞ்சம் கெத்து பத்தல." கெத்து என்றால் எத்தனை செகண்டு? ஒன்பது தடவை "சின்ன கரெக்‌ஷன்". பத்தாவது தடவை பின்னணிக்கு சினிமாப் பாட்டு போடச் சொன்னார். வேண்டாம், யூடியூபில் அடுத்தவர் பாட்டைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி பிடித்தால் விளம்பர வருமானம் பாட்டின் உரிமைக்காரருக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். போடச் சொன்னார், போட்டேன், அப்படியே ஆனது. பழி எனக்கு. விட்டுவிட்டேன். இப்போது திருத்தம் இரண்டே சுற்று, நிமிடம் செகண்டு குறித்து ஒரே செய்தியில் எழுதி வர வேண்டும், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம். இதை முன்பே சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று பயந்திருந்தேன். போன ஆர்டர்கள் போகட்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கோவை, கல்லூரி மூன்றாம் ஆண்டு:

நான் ஃபைவர்ல இருக்கேன் ப்ரோ, ஆன்லைன்ல ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கிற சைட். முதல் மூணு மாசம் ஒரு ஆர்டர் இல்லை. முதல் ஆர்டர் 10 டாலர், ஒரு அமெரிக்கப் பாட்காஸ்ட்ல இருந்து ஒரு நிமிஷ வெர்டிகல் கிளிப். ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கும், கையில 8 டாலர். அதுவும் வேலை முடிஞ்ச அன்னைக்கே வராது, புது செல்லருக்கு 14 நாள் காத்திருக்கணும்.

அதுக்கு முன்னாடி ஏமாந்த கதை: டெலிகிராம்ல ஒருத்தர், "டெஸ்ட் எடிட் பண்ணுங்க, பிடிச்சா மாசம் முப்பது வீடியோ." எட்டு நிமிஷ வீடியோ, ரெண்டு நாள் தூங்காம பண்ணேன். "ஸ்டைல் செட் ஆகல"ன்னு பதில். அடுத்த வாரம் அதே வீடியோ, நான் போட்ட அதே ஜூம், அதே எஃபெக்ட், அவங்க சேனல்ல. முப்பது பேர்கிட்ட ஆளுக்கு ஒரு டெஸ்ட் வாங்கினா மாசம் முப்பது வீடியோ ரெடிதானே! இப்போ டெஸ்டுன்னா 30 செகண்டு, நடுவுல பெருசா வாட்டர்மார்க்.

இன்னொண்ணு, வேலை குடுக்கிறேன், பதிவுக் கட்டணம் கட்டுன்னு யாராவது சொன்னா பிளாக் பண்ணிடுங்க. வேலை குடுக்கிறவங்க எதுக்கு நம்மகிட்ட காசு கேக்கணும்?

சென்னை, ஐடி:

நான் விட்டுட்டேன். எட்டு மாசம் பண்ணேன். வருமானம் மோசமில்லை. லிங்க்டுஇன்ல "ஃப்ரீலான்ஸ் எடிட்டர்"னு போட்டேன், ரெண்டாவது வாரம் எச்ஆர் கூப்பிட்டாங்க. ஆஃபர் லெட்டர்ல வேற வேலை செய்யக்கூடாதுன்னு ஒரு வரி இருந்திருக்கு, கையெழுத்துப் போட்டப்போ படிக்கலை. உங்களோடதை இன்னைக்கே எடுத்துப் படிச்சுடுங்க. கிராபிக்ஸ் கார்டு விக்கறதுக்கு இருக்கு.

திருப்பூர், மெர்ச்சண்டைசர்:

எல்லாருக்கும் நன்றிங்க. சென்னை நண்பரே, கார்டு எந்த மாடல், என்ன விலைன்னு தனியா மெசேஜ் போடுங்க.

ரேட் எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரு உள்பெட்டியில கேட்டிருக்காங்க. முடிஞ்ச வீடியோ எத்தனை நிமிஷம்னு மட்டும் பாத்துச் சொல்லாதீங்க, அதுலதான் நான் விழுந்தேன். மூணு நிமிஷ வீடியோதான்னு ஒத்துக்குவோம், பாத்தா ஒன்பது மணி நேர ஃபுட்டேஜ் வந்து நிக்கும். அதை உக்காந்து பாக்கவே ரெண்டு ராத்திரி. இப்போ ஃபுட்டேஜை முதல்ல வாங்கிப் பாத்துட்டுத்தான் விலை சொல்றேன். பாதிப் பணம் முன்னாடி. திருச்சி அக்கா சொன்ன ரெண்டு சுற்று நம்மகிட்டயும் இருக்கு, ஆனா செகண்டு குறிச்சு ஒரே மெசேஜ்ல கேக்கலாம்னு தோணலை. நாளையில இருந்து அதான். வருமானம் இன்னும் பெருசா இல்லை, சேவை வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷம் 20 லட்சத்துக்கு மேல போனாத்தான்னு ஆடிட்டர் சொன்னப்போ சிரிப்புத்தான் வந்துச்சு.

ரா ஃபைலை நான் முப்பது நாள்ல அழிச்சிட்டு இருந்தேன். மதுரை அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி பழைய டிஸ்கையெல்லாம் சொருகிப் பாத்தேன். அந்தச் சீர் வீடியோ இல்லை. சத்தம் முன்னாடி வருதுன்னு சொன்ன அம்மா, பேத்திக்கு நலுங்கு வெக்கிறப்போ கேமராவைப் பாத்து ஏதோ பாடினாங்க, மைக்ல சரியா விழலைன்னு எடுத்துட்டேன்னு ஞாபகம். காத்தால அந்த அண்ணன் வீட்டுக்குப் போயி செல்போன்ல இன்னும் கிடக்குதான்னு கேட்டேன். ஒரு போன் தண்ணியில விழுந்து போச்சாம். இன்னொண்ணு ஈரோட்டுல சித்தப்பாகிட்ட இருக்கு, கேட்டுச் சொல்றேன்னார்.

சனிக்கிழமை ஒரு 2 டிபி டிஸ்க் வாங்கலாம்னு இருக்கேன். மதுரை அண்ணே, அந்த மாஸ்கிங் டேப்புல எழுத எந்தப் பேனா? எனக்கு ரெண்டே மாசத்துல அழிஞ்சு போயிடுதுங்க.