பொருள்: ‘கிராஃபிக் நாவல்’ – சிறார் அலமாரிக்கு ஒரு தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘கிராஃபிக் நாவல்’, அதாவது படங்களால் ஒரு முழுநூலாகச் சொல்லும் கதை. அதற்குத் தமிழ்ப்பெயர் கேட்டு நான் தொடங்கிய இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து மறுபடி படித்தேன். யாரும் அலட்சியமாக எழுதவில்லை. அதனால் என் முடிவை மட்டும் எழுதாமல், எப்படி அதற்கு வந்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நான் மொரீசியஸில், ரோஸ்ஹில் பக்கம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் நான்கு அலமாரி உள்ள சின்ன நூலகம் இருக்கிறது. நான்காவது அலமாரியில் மீநாயகர் (சூப்பர் ஹீரோ) கதைகள். ஆங்கிலத்தில் கொஞ்சம், பிரெஞ்சில் கொஞ்சம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே எழுதி வரைந்த புத்தகங்கள். எந்த மொழியில் படித்தாலும் வகுப்பில் வந்து தமிழில் கதை சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் பிரெஞ்சு என்று வளரும் பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் சொல்கிறார்கள், திக்கித் திணறியாவது சொல்கிறார்கள். கதை முழுக்கத் தமிழில் வந்துவிடுகிறது. “மிஸ், இந்த பெதே...” என்று தொடங்கும் அந்த முதல் சொல் மட்டும் தமிழாக இல்லை. காமிக்ஸைப் பிரெஞ்சில் சுருக்கமாகச் சொல்லும் பெயர் அது. அந்த அலமாரியில் ஒட்ட ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும் என்றுதான் இங்கே கேட்டேன்.

முதலில் மூலச்சொல்லைப் பார்ப்போம். ‘கிராஃபிக் நாவல்’ என்ற தொடரை 1964இல் ரிச்சர்ட் கைல் என்ற அமெரிக்க விமர்சகர் ஒரு ரசிகர் இதழில் எழுதினார். அது பரவலானது 1978இல், வில் ஐஸ்னரின் நூல் அட்டையில் அச்சான பிறகு. அந்த நூலுக்குள் இருந்தவை நான்கு தனிக்கதைகள். அதாவது மூலச்சொல்லே நூலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை! இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘நாவல்’ என்று அங்கே இருப்பதால் இங்கேயும் நாவல் அல்லது புதினம் என்று இருந்தே ஆக வேண்டும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. இத்தாலியர்கள் படக்கதையை ‘ஃபுமெத்தி’ என்கிறார்கள். பேச்சு எழுதியிருக்கும் குமிழ் புகை மாதிரி இருப்பதால் புகையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அவரவர் கண்ணில் பட்டதற்கு அவரவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கண்ணில் எது படுகிறது?

இனி, வந்த பரிந்துரைகள்.

> வரைபுதினம். சுருக்கமாக இருக்கிறது, தூய தமிழ்.

இதற்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன மறுப்பு எனக்குச் சரியாகப் பட்டது. அங்கே “என்ன புதினம்?” என்றால் என்ன செய்தி என்று பொருள். ஒரு கலைச்சொல் பாக் நீரிணையைத் தாண்டும்போதே வேறு பொருள் தருமானால், இந்தியப் பெருங்கடலைத் தாண்டி எங்களிடம் வந்து என்ன ஆகும்?

> வரைகதை. வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி. வரைந்த கதை, வரைகிற கதை, வரையும் கதை மூன்றும் அதில் அடங்கும்.

இது அழகான சொல் என்று மனதாரச் சொல்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சுகம் உண்டு. சங்கப் பாடலில் ‘வரைதல்’ என்றால் மணம் முடித்தல் ஆயிற்றே என்று ஒருவர் தயங்கியிருந்தார். அது எனக்குத் தடையாகத் தெரியவில்லை, அந்தப் பொருள் இன்று பேச்சில் இல்லை. என் சிக்கல் வேறு. என் பிள்ளைகளுக்கு ‘வரை’ என்றால் முதலில் ‘ஒன்று முதல் பத்து வரை’தான். ‘வரைகதை’ என்று பலகையில் எழுதினேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி “எது வரைக்கும் மிஸ்?” என்று கேட்டாள். இன்னொருவன் க்-ஐச் சேர்த்து ‘வரைக்கதை’ என்று எழுதிவந்தான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை இந்த ஒரு சொல்லுக்காக அவனுக்கு இப்போதே சொல்லித்தர வேண்டுமா? தமிழை நான்காவது மொழியாகப் படிக்கும் குழந்தைக்கு அலமாரிச் சீட்டு பாடமாகிவிடக் கூடாது.

> படக்கதை போதாதா? முதல் வகுப்புப் பிள்ளைக்கும் படம் தெரியும்.

நானும் தொடக்கத்தில் இந்தப் பக்கம்தான் இருந்தேன். ‘குறும்படம்’ இருப்பது போல் ‘நெடும்படக்கதை’ என்று வைக்கலாம் என்றுகூட எழுதினேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். ‘படம்’ என்றதும் எங்கள் ஊரிலும் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. “படக்கதை சொல்” என்றால் போன வாரம் பார்த்த சினிமாவின் கதையைச் சொல்வார்கள். முன்னால் ‘நெடும்’ சேர்த்தால் மூன்று மணி நேர சினிமாவே ஆகிவிடும்.

சரி, அப்போது மிச்சம் என்ன? இதற்கு விடை சொன்னது அகராதி இல்லை. அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய அண்ணன்மார்களும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2018 பிப்ரவரியில், சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி சிறார்களுக்கும் இளையோருக்கும் தனித்தனியாக இரண்டு வரிசைகளை அறிவித்தது. இளைய வாசகர்களுக்குக் கதை எழுதிப் பழகியவர்களை அழைத்து எழுதவைத்த புத்தகங்கள். அவற்றின் முக்கியமான இயல்பு, பழைய கதைத்தொடர்ச்சியில் அவை சேராது என்பது. சூப்பர்மேன் 1938இல் வந்தவர், பேட்மேன் 1939இல் வந்தவர். இத்தனை வருடத்து முன்கதை எதுவும் தெரியாமல் ஒரு குழந்தை கையில் எடுத்துப் படித்து முடித்துவிடலாம். இது எல்லோருக்கும் பிடித்ததா? என் மாணவன் ஒருவனுடைய அண்ணன், மாத இதழ்களை விடாமல் சேர்ப்பவர். வகுப்பு வாசலில் நின்று என்னிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார். “இது கணக்கில் வராத கதை மிஸ். அந்த மோதிரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை விட்டுவிட்டார்கள்.” அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. பல வருடம் பின்தொடர்ந்து வந்தவருக்குத் தொடர்ச்சி என்பது சொத்து.

அவர் சொன்ன மோதிரம், கிரீன் லான்டர்ன் என்ற மீநாயகருக்குச் சக்தி தரும் மோதிரம். 2020இல் வந்த சிறார் நூலில் அது தாய் ஃபாம் என்ற பதின்மூன்று வயது வியட்நாமிய அமெரிக்கப் பையனிடம் வருகிறது. அவனுடைய பாட்டி விட்டுச்சென்ற பச்சைக்கல் மோதிரம். அண்ணன் வருந்திய அதே புத்தகத்தைத் தம்பி மூன்று முறை எடுத்துப் போனான். வகுப்பில் அவன் கதை சொன்ன அன்று மற்ற பிள்ளைகள் தங்கள் பாட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இவர்கள். பாட்டி வழியாக ஒரு பொருள் கைக்கு வந்து சேர்வது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. அடுத்த நூல் வருகிறது என்று கேள்விப்பட்டாலே “எப்போது மிஸ், எப்போது மிஸ்” என்று வாரம் தவறாமல் கேட்பார்கள். முன்கதை தெரியாது என்ற தயக்கம் ஒரு பிள்ளையிடமும் இல்லை.

அண்ணன் படிப்பது தொடர்கதை. தம்பி படிப்பது தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே கட்டாக உள்ள கதை. இரண்டையும் பிரிக்கும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன! சிறுகதை, தொடர்கதை, நெடுங்கதை என்று பத்திரிகை படிக்கும் தமிழ் வீடுகளில் எத்தனை காலமாகச் சொல்லிவருகிறோம். அவற்றின் முன்னால் ‘சித்திரம்’ சேர்த்தால் போதும்.

மாதாமாதம் வரும் இதழ்: சித்திரத் தொடர்கதை. முழுநூலாக எழுதி வரைந்தது: சித்திர நெடுங்கதை. கலை முழுவதற்கும் பொதுப்பெயர் சித்திரக்கதை, அது பழகிய சொல், அப்படியே இருக்கட்டும்.

‘சித்திரம்’ வடமொழி, ‘ஓவியம்’ என்று மாற்றுங்கள் என்று சிலர் கேட்பீர்கள். ஓவியம் என்றால் என் பிள்ளைகள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியதைத்தான் நினைக்கிறார்கள். சித்திரக்கதை என்ற சொல்லோ சிறுவர் இதழ்களில் ஊறி வந்தது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவையார் பேரில் வழங்கும் வெண்பாவை எங்கள் பிள்ளைகள் மேடையில் சொல்கிறார்கள். இவ்வளவு நாள் நம் வாயில் இருந்த சொல்லை வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. இதில் ழகரம் இல்லை. ‘முழுவரைகதை’ என்ற பரிந்துரையை வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது பாதிப் பேர் ‘முலு’ என்றார்கள்.

வயதுப் பிரிவுக்கு, எட்டு முதல் பன்னிரண்டு வரை, ‘பெதும்பை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று வயது என்ற கணக்கு ஆச்சரியமாக ஒத்துவருகிறது. ஆனால் அது பெண்பருவத்துக்கு மட்டுமான சொல், அதுவும் உலா இலக்கியத்தில் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களின் வரிசையில் வருவது. குழந்தைகள் அலமாரிக்கு வேண்டாம். ‘வளர்சிறார்’ என்று வைப்போம். இதுவும் வினைத்தொகைதான், வரைகதை அன்பர்களுக்கு என் சமாதானக் காணிக்கை. பதின்மூன்றுக்கு மேல் ‘இளையோர்’. பதிப்பாளர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 2018இல் ‘ஜூம்’, ‘இங்க்’ என்று பெயர் வைத்த வரிசைகளை 2019இலேயே கைவிட்டு, வயதைச் சொல்லும் அடையாளத்துக்கு மாறினார்கள். வயதைச் சொன்னால் பெற்றோருக்குப் புரிகிறது.

மீநாயகர் பற்றி ஒரு வரி. எழுத்தில் நன்றாக இருக்கிறது. காதில் விழும்போது சிலருக்கு ‘மீன் நாயகர்’ ஆகிவிடுகிறது. கடலரசி மெராவின் கதையைப் படித்த பிள்ளை அதை முழுமனதோடு நம்பியும்விட்டது. பேச்சில் சூப்பர் ஹீரோ, எழுத்தில் மீநாயகர் என்று இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சீட்டு எழுதுகிறேன்.

---

அம்மா, வணக்கம்.

டர்பனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மடலை என் பேத்திக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கே எங்கள் முன்னோர் 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கினார்கள். இன்று வீட்டுமொழி ஆங்கிலம்தான். தமிழ் என்பது கோயில் வகுப்பு, காவடி, பஜனை. அதனால் எனக்கு ‘காமிக்ஸ்’ என்றே விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தது. தமிழ்நாட்டில் முத்து காமிக்ஸ் 1972இலிருந்து அந்தப் பெயரோடுதானே வருகிறது?

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நெடுங்கதை என்றதும் என் அப்பா நினைவுக்கு வந்தார். சொல் கேட்ட சொல்லாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். இந்தச் சிறார் நூல்களிலும் சிலவற்றுக்கு இரண்டாம் பாகம் வருகிறதே, அப்போது அதுவும் தொடர்கதைதானே? அப்புறம், மாத இதழ்கள் ஆறைச் சேர்த்துக் கட்டி விற்பதையும் கடைக்காரர்கள் கிராஃபிக் நாவல் என்கிறார்கள். அதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

---

ஐயா, வணக்கம்.

நல்ல கேள்விகள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடர்கதையாக வந்தது, பிறகு ஐந்து பாகமாக நூலானது. பாகம் இருப்பதால் மட்டும் ஒரு கதை தொடர்கதை ஆகிவிடாது. வாராவாரமோ மாதாமாதமோ துண்டாக வெளியாகி, வாசகரைக் காக்கவைத்தால் தொடர்கதை. சித்திர நெடுங்கதைக்கு இரண்டாம் பாகம் வரலாம், ஆனால் ஒவ்வொரு பாகமும் முழுநூலாகவே பிறக்கிறது. தாய் ஃபாமின் கதைக்கும் பிறகு இன்னொரு நூல் வந்தது. முதல் நூலைப் படிக்காத பெண் அதை எடுத்துப் போய்ப் படித்து முடித்துத்தான் கொண்டுவந்தாள்.

இதழ்களைச் சேர்த்துக் கட்டியது ‘சித்திரத் தொடர் தொகுப்பு’. அதை மூன்றாவது அலமாரியின் கடைசியில் வைக்கிறேன். பெரிய பையன்கள் அங்கேதான் தேடுவார்கள். காமிக்ஸ் என்ற சொல்லை யாரும் விட வேண்டாம், முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள்.

சீட்டு எழுதிவிட்டேன். ‘சித்திர நெடுங்கதை – வளர்சிறார்’. அட்டையின் அகலத்துக்குள் ஒரே வரியில் அடங்கியது. மோதிரக்காரன் அதைப் படித்துவிட்டு “நெடுங்கதையா மிஸ், ஆனால் நான் ஒரே நாளில் முடித்துவிட்டேனே” என்றான். அவனுடைய அண்ணனிடம் இருபது பழைய இதழ்களை நூலகத்துக்குக் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து, பாத்திரத்தின் தலைக்கு மேல் வரும் குமிழுக்குச் சொல் வேண்டும். ‘பேச்சுக்குமிழி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ழகரம் வருகிறது. சனிக்கிழமை பிள்ளைகளைச் சொல்லவைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.