புதுப்பிப்பு: புது இயர்போனில் பேஸ் மெலிந்தது ஏன்?

புது இன்-இயர் ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்து கேட்கிறது, திருப்பி அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அனுப்பவில்லை, வைத்துக்கொள்கிறேன். விஷயம் காதுக்குள் நுழையும் மெத்தென்ற முனையில், அதாவது சிலிகான் டிப்பில்தான் இருந்தது. அது காதுத் துளையை முழுதாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் கசிந்துபோகும். இடது காதுக்கு மட்டும் ஒரு அளவு பெரியதை மாட்டினேன். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) கும்மென்று வந்தது, வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், வாசிக்கும் சொற்கள் அதில் அமுங்காமல் தனியாக விழுந்தன. அருமை!

அப்புறம், பழைய ஜோடியோடு ஒப்பிடுகிறவர்கள் இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றிவிடும்.

பாட்டில் 'ஸ', 'ஷ' மட்டும் காதில் குத்தியது. ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தேன், சரியாகிவிட்டது.