பிரைமரியில் தோற்றவர் அடுத்த முறை பலமான வேட்பாளரா?

வைகைக்கரை:
2028 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘அவர் 2020-லேயே தோற்றவர், இவர் 2024-லேயே விலகினவர், விடுங்க’ என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. குடியரசுக் கட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ரீகன், 1988 மூத்த புஷ், 1996 டோல், 2008 மெக்கெய்ன், 2012 ராம்னி. ஐந்து பேருமே அதற்கு முன்பு பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில், மண்ணைக் கவ்வியவர்கள். அந்த 32 வருடத்தில், சொந்தக் கட்சி அதிபர் மறுபடி நிற்காத தேர்தல் ஆறு வந்தது. 2000-ல் இளைய புஷ் ஒருவர்தான் முதல் முயற்சியிலேயே வேட்பாளர் ஆனார். ஊர் ஊராக ஆள் பிடித்து வைத்தது, பணம் கொடுப்பவர்களின் பழக்கம், எந்த மாநிலத்தில் என்ன விதி என்ற தெளிவு, இதெல்லாம் ஒருமுறை தோற்றால்தான் கைக்கு வரும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அந்த ஐந்து பேரில் அதிபர் ஆனவர்கள் ரீகனும் புஷ்ஷும் மட்டும்தான். டோல், மெக்கெய்ன், ராம்னி மூவரும் பொதுத்தேர்தலில் தோற்றார்கள். ஜனநாயகக் கட்சியில் 2008-ல் ஒபாமாவிடம் தோற்று 2016-ல் திரும்பி வந்த ஹிலாரி கிளின்டனுக்கும் அதே கதிதான். அப்புறம், திரும்பி வந்து காணாமல் போனவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்தத் தேர்தல்களில் முதல் ஓட்டு நடந்த மாநிலமான ஐயோவாவில் கெபார்ட் 1988-ல் ஜெயித்தார், ஹக்கபீ 2008-ல், சான்டோரம் 2012-ல். மூவரும் மறுபடி வந்தார்கள், மூவரின் பிரச்சாரமும் அதே ஐயோவாவிலேயே முடிந்தது. சான்டோரம் 2012-ல் 11 மாநிலங்களை வென்றவர், 2016-ல் ஐயோவாவில் ஒரு சதவீதத்தைத் தொடவே திணறினார். கிடைத்த ஆதரவு நான்கு வருடம் அப்படியே காத்துக்கொண்டு நிற்காது.

வைகைக்கரை:
எப்படித் தோற்றார் என்பதையும் பாருங்கள் தம்பி. 1976-ல் பதவியில் இருந்த அதிபர் ஃபோர்டை எதிர்த்து ரீகன் நின்றார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கான்சாஸ் சிட்டி கட்சி மாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187 பிரதிநிதிகளின் ஓட்டு, ரீகனுக்கு 1,070. ஃபோர்டு தன் உரையை முடித்துவிட்டு ரீகனை மேடைக்கு வரச்சொல்லிக் கையசைக்கிறார். ரீகன் வந்து சில நிமிடம்தான் பேசினார். நூறு வருடம் கழித்துத் திறக்கப்போகும் ஒரு பெட்டிக்குள் வைக்கக் கடிதம் கேட்டார்கள், அதில் என்ன எழுதுவது என்று யோசித்ததைப் பற்றிய பேச்சு. அரங்கமே அமைதியாகிவிட்டது. அங்கே இருந்த பல பேருக்கு, தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று உறுத்தியிருக்கிறது. அந்தத் தோல்விதான் 1980-க்குப் போட்ட அஸ்திவாரம்.

தென்கரோலினாவாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பைடனை யாருமே சொல்லவில்லையே. 1988 தேர்தலுக்கு இறங்கி, பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர் கின்னக்கின் பேச்சை எடுத்தாண்ட சர்ச்சையில் முந்தைய வருடமே விலகினார். 2008-ல் ஐயோவாவில் ஒரு சதவீதம்கூட வரவில்லை. 2020-ல் ஐயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம், அன்று இரவு முடிவு முழுசாக வருவதற்குள் அங்கிருந்து கிளம்பி எங்கள் தென்கரோலினாவுக்கு வந்துவிட்டார். பிப்ரவரி 26 அன்று எங்கள் மாநிலத்தின் செல்வாக்கான கறுப்பின எம்.பி. கிளைபர்ன் ஆதரவு கொடுத்தார், 29 அன்று 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். மூன்று முறை நின்ற மனிதருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் பிரைமரி வெற்றி! என்னோடு வேலை பார்த்த கறுப்பினத்து அம்மா ஒருவர், பழைய தோல்வி எதையும் பேசவே இல்லை. ஒபாமா பக்கத்தில் எட்டு வருடம் நின்றவர், அவரை எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான் சொன்னார்.

கணக்குப்பிள்ளை:
நன்றி, நான் சொல்ல வந்ததும் அதுவேதான். பைடனைத் தூக்கிவிட்டது துணை அதிபர் பதவி. மூத்த புஷ்ஷுக்கும் அதே. 1988-ல் தோற்ற அல் கோருக்கு 2000-ல் வேட்பாளர் ஆக முடிந்ததும் அதனால்தான். தோல்விக்கு ஏன் பெருமை கொடுக்கிறீர்கள்?

வைகைக்கரை:
சரி, அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது? 1980-ல் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மந்திர வித்தை என்கிற மாதிரி கிண்டலடித்த புஷ்ஷை, அதே ரீகன் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். கமலா ஹாரிஸ் விவாத மேடையில் பைடனைக் கடுமையாகத் தாக்கியவர், 2019 டிசம்பரில் ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்பே விலகியவர். அடுத்த வருடமே துணை அதிபர் வேட்பாளர், அவர் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயிலில் பூஜை. பிரைமரியில் நிற்காமல் இருந்திருந்தால் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
பெயர் தெரிவது வேறு, ஓட்டு வேறு. 2024-ல் அவர் பிரைமரியைச் சந்திக்காமலே வேட்பாளர் ஆனார், அதனால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. எனக்கு முக்கியம், தோற்றவருக்கு விழுந்த ஓட்டு யாருடையது என்பது. சாண்டர்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் 2016-ல் வாங்கியது ஒன்றரை லட்சம் ஓட்டு. 2020-லும் அங்கே ஜெயித்தார், ஆனால் 76,000 சொச்சம், சரிபாதி. முதல் முறை எதிரே ஹிலாரி மட்டும்தான், அவரைப் பிடிக்காதவர்கள் போட்ட ஓட்டும் இவர் கணக்கில் ஏறிவிட்டது. குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கும் இதுதான். 2024 மார்ச்சில் அவர் விலகிய பிறகும் பென்சில்வேனியாவில் ஒன்றரை லட்சம் பேர் அவருக்குப் போட்டார்கள். அது ஹேலிக்கான ஓட்டா, டிரம்ப் வேண்டாம் என்ற ஓட்டா? 2028-ல் டிரம்ப் எதிரே இல்லாதபோது அந்த ஒன்றரை லட்சத்தில் எத்தனை பேர் இவரைத் தேடி வருவார்கள்?

வைகைக்கரை:
இதை ஒத்துக்கொள்கிறேன், இருவர் போட்டியில் வாங்கின ஓட்டை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் பலர் நின்ற போட்டியில் வாங்கினது? 2020-ல் புட்டிஜெஜ் ஒரு நடுத்தர ஊரின் மேயராக மட்டும் இருந்துவிட்டு வந்து, ஐயோவாவில் பிரதிநிதிகள் கணக்கில் மயிரிழையில் முதலிடம் பிடித்தார்.

தென்கரோலினாவாசி:
இங்கே தென்கரோலினாவில் அவருக்கு எட்டு சதவீதம்தான் கிடைத்தது, கறுப்பின மக்கள் ஓட்டு ஏறக்குறைய இல்லவே இல்லை, அடுத்த நாளே விலகினார். அவர் மறுபடி வந்தால் நான் ஐயோவா எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன். நடுவில் இருந்த இந்த வருடங்களில் எங்கள் ஊர்ச் சர்ச்சுகளுக்கு எத்தனை முறை வந்தார் என்று விசாரிப்பேன்.