மனம் தளர்ந்தான், மனமுடைந்தான், விரக்தியடைந்தான்: எதை எங்கே போடுவது?

பிழைதிருத்தி:
ஒரு சிறுகதை. குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதியும் தேறாதவனுக்கு நான்காம் முறை புத்தகத்தைத் திறக்க மனம் வரவில்லை. ஒரே பத்தியில் ‘மனமுடைந்தான்’, ‘விரக்தியடைந்தான்’, ‘சோர்வடைந்தான்’ மூன்றும் இருக்கின்றன. எதை வைக்கலாம்? தங்கை ‘டிஸ்கரேஜ் பண்ணாதீங்க’ என்று அப்பாவிடம் சொல்லும் இடத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

சொல்லாய்வு:
மூன்றையும் எடுத்துவிட்டு ‘மனம் தளர்ந்தான்’ போடுங்கள். தளர்வது என்றால் கட்டு நெகிழ்வது; மறுபடி இறுக்கலாம். இவன் அந்த நிலையில்தான் இருக்கிறான். உடைந்தது ஒட்டாது. அதோடு, செய்தித்தாள்கள் ‘மனமுடைந்த’ என்பதைத் தற்கொலைச் செய்திகளிலேயே எழுதி எழுதி, அந்தச் சொல்லைக் கண்டதும் வாசகர் அடுத்த வரியில் சாவை எதிர்பார்க்கிறார்.

‘சோர்வு’ தனியாக நின்றால் உடல் அசதி. ‘மனச்சோர்வு’ என்றால் இப்போது மருத்துவர் சொல்லும் நோயின் பெயர். இரண்டும் இங்கே பொருந்தாது.

‘விரக்தி’க்குச் சமய உரைகளில் பற்றின்மை என்று பொருள். அதே வேரிலிருந்து வந்ததுதான் ‘வைராக்கியம்’. பேச்சில் ஒன்று கைவிடுவதற்கும் மற்றது விடாப்பிடிக்கும் ஆகிவிட்டது, எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன பாருங்கள்! உலகமே கசந்தவனுக்குத்தான் விரக்தி. தேர்வு மட்டும் கசந்தவனுக்கு அது மிகை.

இலக்கணம்: ‘அவன் மனம் தளர்ந்தான்’, ‘அவன் மனம் தளர்ந்தது’ இரண்டும் சரி. சினைவினை, அதாவது உறுப்பின் வினை, முதலோடும், அதாவது அந்த உறுப்பை உடையவனோடும் முடியும். ‘மனதைத் தளர்ந்தான்’ என்பது பிழை. தளர்தல் தன்வினை, செயப்படுபொருள் ஏற்காது.

பேச்சுவழக்கு:
தங்கைக்கு: “எங்க தேறப்போறான்னு பேசி அவன் மனசத் தளர வைக்காதீங்கப்பா.” ‘ஊக்கமிழக்கச் செய்யாதீர்கள்’ என்று எந்தத் தங்கையும் பேசமாட்டாள். அப்பா ஏளனமாகப் பேசுகிறார் என்றால் ‘மட்டம் தட்டாதீங்க’.

அவன் வாயில் ‘மனசு விட்டுப்போச்சு’ அழகாக உட்காரும். ‘மனசு விட்டுப் பேசு’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அங்கே மனசைத் திறப்பது, இங்கே மனசே விலகிப்போவது. முடிவு வெளியான அன்றைக்கு ‘இடிஞ்சுபோய் உட்கார்ந்தான்’. அது திடீர் அடிக்கு மட்டும், மாதக்கணக்கில் நீளாது. ‘நொடிஞ்சு போனான்’ வேண்டாம், கடன்பட்டவன் என்று படிப்பார்கள்.

பிழைதிருத்தி:
கதையில் தமிழாசிரியர் ஒருவர் அவனைத் தேற்றுகிறார். அவருக்குப் பழைய சொல் ஏதாவது?

சொல்லாய்வு:
குறள் 611-இல் ‘அசாவாமை’: செய்வதற்கு அரிது என்று தளராதிருத்தல். உங்கள் காட்சிக்கென்றே அமைந்த சொல். 597-இல் ‘ஒல்கார்’, அதாவது தளரமாட்டார். அம்புகள் தைத்தும் பெருமை குன்றாது நிற்கும் களிறு அங்கே உவமை. ஒல்குதலுக்கு வளைதல், ஒசிதல் என்றும் பொருள் உண்டு, நூலிடையைச் சொல்லவும் வரும். ஆசிரியர் ‘அசாவாதே’ என்று சொன்னால் அடுத்த வாக்கியத்திலேயே பொருளையும் சொல்லவிடுங்கள். அவனுக்கும் அது தெரிந்திருக்காது.

பேச்சுவழக்கு:
அவர் கிறித்தவராக இருந்தால் ‘மனமடிவு’, ‘சோர்ந்துபோகாதே’ இரண்டும் இயல்பாக வரும்.